நான் பச்சை என்று எழுதிய நாள்

என் அண்ணி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று தெருப் பெண்கள் அவளுடைய நகையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்கள். ரவிக்கைக் கை இறுகிச் சதையில் வரி போட்டிருந்தது.

"நல்லா வாழ்ந்த வூட்டுப் பொண்ணு. பாத்தாலே தெரியுது," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அம்மா அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் எடுத்து அண்ணிக்குச் சுற்றிப் போட்டாள். அடுப்பில் மிளகாய் வெடித்தது. நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண்ணடி அவ்வளவு பலம் என்று அர்த்தம். அம்மாவுக்கு அதில் ஒரே பெருமை.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடிக்கப்போகும் முதல் ஆள். அப்பா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரலை மையில் அமுக்குகிறவர். அண்ணன் இரண்டாம் வகுப்பு வாத்தியாருக்குப் பயந்து மாட்டின் பின்னால் போனவன். பாகூரில் எங்களுக்கு இருந்த நெல்லும் கரும்பும் அவர்கள் இருவருக்கும் போதுமாக இருந்தன. எனக்குப் போதவில்லை. வகுப்பில் முதல் மார்க் வாங்கினேன். ஆனால் எனக்கு யாரும் உப்பு எடுத்துச் சுற்றியதில்லை. "படிச்சிப் படிச்சி வெறகுக் குச்சி மாதிரி ஆயிட்டா. இவள எவன் கட்டுவான்?" என்பாள் அம்மா. முகூர்த்த வீடுகளில் அண்ணியை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். என்னைப் பந்தி பரிமாறச் சொல்வார்கள்.

அண்ணிக்கு வில்லியனூர் கடைத்தெரு. அவளுடைய அப்பா அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார். அண்ணி ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகவில்லை. கடைப் பாயில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து வளர்ந்தவள். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது மட்டும்தான் எனக்கு இருந்த ஆறுதல். அதையும் அவள் வெட்கப்படாமல் சொல்வாள். "பாப்பா, இந்தச் சீட்டுல இன்னா எழுதியிருக்குது, படி." நான் படிப்பேன். "கணீர்னு படிக்கிற," என்பாள். அவள் பாராட்டினாலும் எனக்கு எரியும். பாப்பா என்று அவள் கூப்பிடுவதே எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அவளுக்குத் தொப்புளுக்கு மேலே ஒரு புடைப்பு வந்தது. முதலில் எலுமிச்சை அளவு. படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே வரும். ஒரு வருஷத்தில் அது சாத்துக்குடி அளவானது. அப்போது நான் அந்தக் காலத்துக் கடைசி வகுப்பான பதினொன்றாவது முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுப்பதைப் படிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் டவுனுக்கு அழைத்துப் போனார்கள்.

அறுவை சிகிச்சை டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். அண்ணியை இரும்புத் தராசில் ஏற்றினார். முள் எண்பத்தாறில் நின்றது. பிறகு சிறுநீரைப் பரிசோதிக்க அனுப்பினார். சீட்டு வந்ததும் எங்களை உட்கார வைத்தார்.

"குடல் எறங்கியிருக்குது. ஆப்பரேஷன் பண்ணித்தான் ஆவணும். ஆனா இப்ப பண்ண மாட்டேன்."

"ஏன் சார்?" என்றாள் அம்மா.

"நீரிழிவு இருக்குது. எடையும் அதிகம். கொழுப்புல ரத்த ஓட்டம் கம்மிம்மா. தச்சா தையல் நிக்காது. சர்க்கரை ஏறின ஒடம்புல புண்ணு ஆறாது, சீழ் வைக்கும். மயக்க மருந்து குடுத்தா மூச்சு வாங்கறதும் கஷ்டம். மூணு மாசம் தரேன். எடையக் கொறச்சி, சர்க்கரையக் கட்டுக்குள்ள கொண்டாங்க. அப்புறம் பண்ணலாம்."

அம்மா அண்ணியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். "அவ ஒடம்பு வாகே அப்பிடித்தான் சார். எளச்சிப் போனா கத்தியத் தாங்குவாளா?"

"எளச்சாத்தாம்மா தாங்குவா," என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா இதை நம்பவில்லை. ஆனால் ஊருக்கு வந்ததும் தெருவில் நாலு பேரிடம் எண்பத்தாறு கிலோ என்று சொல்லிவிட்டு, அந்த டாக்டர் கண்ணும் பட்டிருக்கும் என்று மறுபடி சுற்றிப் போட்டாள்.

டாக்டர் என்னிடம்தான் எல்லாவற்றையும் கொடுத்தார். சர்க்கரைக்கு மாத்திரை, கண்ணாடிக் குழாய், மரப்பிடி, ஸ்பிரிட் விளக்கு, ஒரு பாட்டில் நீல மருந்து. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் செய்து பழகிய வேலைதான். குழாயில் நீல மருந்தை எடுத்துக்கொண்டு, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. அதற்கு மேலே மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. "தினமும் பாத்து எழுதி வை. மஞ்சளத் தாண்டிச்சின்னா அன்னிக்கே என்னாண்ட வா. மாத்திரைய மாத்தித் தரேன். ரெண்டு மூணு நாள்ல எறக்கிடலாம்," என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். அண்ணியைப் பார்த்து அல்ல. அந்த ஒரு நாள் நான் எவ்வளவு உயரமாக நடந்தேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அடுப்படியில் அண்ணிக்கு இனிமேல் என்ன போட வேண்டும் என்று சொல்வது நான். அரை ஆழாக்கு அரிசிக்கு மேல் கிடையாது. கேழ்வரகு, கீரை, அவரைக்காய், மோர். காப்பியில் சர்க்கரை கிடையாது. காலையிலும் மாலையிலும் ஏரிக்கரை வரை நடக்க வேண்டும். அம்மா சோற்றுக் கரண்டியோடு நிற்பாள், நான் "போதும்" என்பேன். அவள் என் பேச்சைக் கேட்ட முதல் சந்தர்ப்பம் அதுதான்.

அண்ணி ஏமாற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எதிர்பார்த்தேன் என்பதைவிட ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. அவள் ஏமாற்றவில்லை. பசித்தால் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கப் போவாள். ஒரு வாரத்தில், நான் விளக்கைக் கொளுத்தும்போது பக்கத்தில் வந்து குந்த ஆரம்பித்தாள்.

"பச்சை," என்று நான் நோட்டில் எழுதினேன்.

"எந்தப் பச்சை?"

"பச்சைன்னா பச்சைதான்."

"இது பாசிப்பச்சை பாப்பா. நேத்திக்கு வந்தது கிளிப்பச்சை. நேத்திக்கு இருந்ததுக்கு இன்னிக்கு நல்லாக் கொறஞ்சிருக்குது."

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவள் உள்ளே போய்த் தன் தையல் பெட்டியைக் கொண்டுவந்தாள். பிறந்த வீட்டுக் கடையிலிருந்து வந்த நூல்கண்டுகள் அதில் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். நிறம் சேர்ந்ததும் விரற்கடை அளவு நூலைக் கிள்ளி, சோற்றுப் பருக்கையை நசுக்கி, என் எழுத்துக்குப் பக்கத்தில் நோட்டில் ஒட்டினாள். மறுநாளும் ஒட்டினாள். மூன்றாம் வாரத்தில் நோட்டின் ஓரம் முழுக்கக் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து என்று இறங்கிக்கொண்டே போய் நீலத்துக்கு வந்திருந்தது. என் எழுத்தைப் படிக்கவே வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஒன்றரை மாதம் கழித்து டாக்டரிடம் நோட்டைக் கொடுத்தேன். நான் தேதி போட்டு, கோடு கிழித்து, முத்து முத்தாக எழுதியிருந்தேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. நூலைத் தடவிப் பார்த்தார்.

"இது யார் வேலை?"

அண்ணி பயந்துபோய் எழுந்து நின்றாள். "நான்தான் சார். தப்பா?"

"தப்பா? என் நர்சுங்க கண்ணுக்கு இவ்ளோ வித்தியாசம் தெரியாதும்மா." இரண்டு நர்சுகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் நோட்டைச் சுற்றி நின்று சிரித்தார்கள், அண்ணியிடம் நூல்களின் பெயர் கேட்டார்கள். தராசில் முள் எண்பதுக்கு வந்திருந்தது.

நான் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன். பதினோரு வருஷம் படித்துச் சம்பாதித்த ஒரே ஒரு இடத்தில் அவள் தையல் பெட்டியோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். எழுத்துத் தெரியாத ஒருத்தி என்னைவிட நன்றாகப் படித்துவிட்டாள். அன்று பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடமிருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

மூன்றாம் மாதம் அவளுக்கு முகம் மாறிவிட்டது. கன்னம் வற்றி, கண்கள் பெரிதாகி, கழுத்து நீண்டு தெரிந்தது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. பருமனாக இருந்தால் லட்சுமி என்றார்கள், இளைத்ததும் அவள் இன்னும் அழகாகிவிட்டாளே என்று. ஆனால் தெரு வேறு மாதிரி பேசியது. பாகூரில் மாமியார் வீட்டில் சோறு போடாமல் வாட்டுகிறார்கள் என்று பேச்சு கிளம்பி வில்லியனூர் கடைத்தெரு வரை போய்விட்டது.

ஆப்பரேஷனுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அண்ணியின் அம்மா வந்தாள். தனியாக வரவில்லை. ஒரு வாடகைக் கார், நான்கு பெண்கள், ஆறு தூக்கு. பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவது வழக்கம் அல்லவா, அதையே ஆப்பரேஷனுக்கும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு. கூடவே ஒரு தூக்கு நிறைய அதிரசம்.

"கத்தி வைக்கப் போற ஒடம்பு. சத்து வேணாமா? எலும்புந்தோலுமா அனுப்பினா அது எப்பிடித் தாங்கும்?" என்றாள் அவள் அம்மா.

என் அம்மா வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொன்னால் மருமகளைப் பட்டினி போடுகிறாள் என்ற பேச்சு உறுதியாகிவிடும். அதனால் அவளால் சொல்ல முடியாது. நான்தான் சொல்ல வேண்டும். டாக்டர் பெயரைச் சொல்லித் தடுக்க அந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது. அண்ணியும் என்னைத்தான் பார்த்தாள்.

அந்தத் தூக்குகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பரீட்சைக்குப் போன அன்று காலையில் நான் சாப்பிட்டது பழைய சோறும் ஒரு பச்சை மிளகாயும். வாசல் வரைக்கும்கூட யாரும் வரவில்லை. இவளுக்கு வாடகைக் கார் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"ஒரு நாள் சாப்ட்டா ஒன்னும் ஆவாது," என்றேன்.

அண்ணி சிரித்தாள். மூன்று மாதப் பசி அவளுக்கு. சம்மணம் போட்டு உட்கார்ந்து ஐந்து சோற்றையும் சாப்பிட்டாள். அவளுடைய அம்மா பொங்கலை உருட்டி ஊட்டியும் விட்டாள்.

மறுநாள் காலை நான் விளக்கைக் கொளுத்தினேன். குழாய் கொதித்தது. நீலம் கலங்கியது, பச்சையாகி நிற்கவில்லை, மஞ்சளில் நிற்கவில்லை. அடியில் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி தங்கியது.

அண்ணி குனிந்து பார்த்தாள். "செங்காமட்டை பாப்பா. சுட்ட செங்கல் நெறம்."

"இல்ல."

"நல்லாப் பாரு. செங்காமட்டையேதான். டாக்டராண்ட இன்னிக்கே போவணும் போலக்குது." அவள் தையல் பெட்டியிலிருந்து சரியாக அந்த நிறத்து நூலை எடுத்துவிட்டாள்.

போனால் டாக்டர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். நீ வீட்டில் இருந்தும் எப்படிச் சாப்பிட விட்டாய் என்பார். அது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. அவள் சொன்ன நிறமேதான் குழாயிலும் இருந்தது. அவள் சரியாகச் சொன்னது எனக்கு ஆகவில்லை.

"சூடு அதிகமாயிடுச்சி. அதான் அப்பிடித் தெரியுது. ஆறினா பச்சைதான்," என்றேன். குழாயை அவள் கையில் கொடுக்காமல் சாக்கடையில் கொட்டினேன். நோட்டில் பச்சை என்று எழுதினேன்.

அவள் நூலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். "எனக்கு செங்காமட்டையாத்தான் தெரிஞ்சிச்சி."

"நான் படிச்சிருக்கேன் அண்ணி."

"ஆமா," என்றாள். நூலைப் பெட்டியில் போட்டாள்.

பச்சை என்று ஆனதால் மிச்சமிருந்த அதிரசத்தை மேலும் இரண்டு நாள் வைத்துக் கொடுத்தாள் அம்மா. அந்த நாட்களில் நீல மருந்து தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். பாட்டிலில் கால் பங்கு இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வார்டில் பரிசோதித்தார்கள். சிவப்பு. டாக்டர் வந்தார். ஆப்பரேஷன் கிடையாது என்றார். நோட்டைக் கேட்டார். கடைசி வரியில் விரலை வைத்தார். நூல் ஒட்டத் தொடங்கியதிலிருந்து ஒரு நாள் விடாமல் இருந்தது, அந்த ஒரு வரியில் இல்லை.

"இங்க ஏன் நூல் ஒட்டல?"

அண்ணி கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அந்த நெறத்துல நூலு தீந்து போச்சி சார். அப்புறம் மருந்தும் தீந்து போச்சி. வூட்டுல கட்டுச்சோறு சாப்ட்டேன். என் தப்புதான்."

டாக்டர் அவளைத் திட்டினார். வார்டே கேட்கும்படி திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பேசவில்லை. பேசாமல் நின்றுகொண்டு, இவளுக்கு இப்படிப் பெருந்தன்மையாக இருக்கவும் முடிகிறதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அப்படித்தான் இருந்தது.

மாத்திரையை மாற்றி, ஆப்பரேஷனுக்கு அடுத்த இடம் அப்போதுதான் காலி என்று ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அண்ணி துணி துவைத்துக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புடைப்பு உள்ளே போகவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது. வாந்தி எடுத்தாள். அண்ணன் கரும்பு ஏற்ற வந்த டிராக்டரைக் கரும்பு வெட்டும் இடத்திலிருந்து அப்படியே வீட்டுக்கு ஓட்டி வரச் சொன்னான். டிரெய்லரில் வைக்கோல் போட்டு அவளைப் படுக்க வைத்தோம். மெயின் ரோட்டுக்குப் போவதற்குள் அவள் முகம் சாம்பல் பூத்துவிட்டது. தலையை என் மடியில் வைத்திருந்தேன். சாகக்கூடாது, சாகக்கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்காகவா அவளுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் போனேன். "குடல் மாட்டிக்கிச்சி. இப்ப சர்க்கரை எறங்கட்டும்னு காத்திருக்க முடியாது, குடல் அழுகிடும். பண்றேன். ஆனா நிதானமா பண்ண வேண்டியத அவசரமா பண்றோம். பொழைக்கிறதும் கஷ்டம், பொழச்சா புண்ணு ஆறறதும் கஷ்டம்." அண்ணன் கட்டைவிரலை நீட்டினான். மை பூசிச் சம்மதத் தாளில் அமுக்கினார்கள்.

அவள் பிழைத்தாள். முதல் இரண்டு நாள் மூச்சுக்குத் திணறினாள், நெஞ்சில் சளி கட்டியது. ஆப்பரேஷன் ஆன உடம்பு அசையக்கூடாது என்று அம்மா காவல் காத்தாள். நர்சு வந்து அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, அண்ணியைக் கட்டிலைப் பிடித்து நிற்க வைத்து நடத்தினாள். ஆறாம் நாள் தையலைச் சுற்றிச் சிவந்து வீங்கியது. ஏழாம் நாள் தையலை வெட்டி விட்டார்கள். சீழ். கையகலத்துக்குப் புண் வாயைத் திறந்துகொண்டது. மறுபடி தைக்க முடியாது, அடியிலிருந்து சதை தானாக வளர்ந்து மூட வேண்டும், தினமும் கழுவித் துணி வைக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். சர்க்கரை ஏறினால் வளர்ந்த சதையும் கரைந்துபோகும்.

அன்று இரண்டு அம்மாக்களும் கட்டிலின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள்.

"பட்டினி போட்டீங்க. ஒடம்புல தெம்பில்லாமப் போச்சி. அதான் தையலு பிரிஞ்சிச்சி," என்றாள் அண்ணியின் அம்மா.

"நீ சோத்தத் தூக்கினு வராம இருந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்மே. கார் வச்சினு வந்தியே, இன்னாத்துக்கு? ஊருக்குக் காட்டவா?"

"என் பொண்ணுக்குச் சோறு போடறதுக்கு உன்னக் கேக்கணுமா?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். டாக்டர் உள்ளே வந்ததும் இருவரும் வாயை மூடினார்கள். அவர் புண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இனிமே அந்த டெஸ்ட இவங்க தொட வேணாம். நூல் கீல் எல்லாம் வேணாம். விளையாட்டு இல்ல இது. நீ படிச்ச பொண்ணு, நீ மட்டும் பாரு. நீ எழுதறத வச்சித்தான் நான் ஊசி போடுவேன். புரியுதா?"

நான் ஆசைப்பட்டதெல்லாம் அதுதான். அவள் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்துபோக வேண்டும், குழாய் எனக்கு மட்டும் சொந்தமாக வேண்டும். யாரும் கேட்காமலே அது என் கைக்கு வந்தது. திறந்து கிடந்த அந்தப் புண்ணைப் பார்த்தேன். ஈரமாக, ஆழமாக இருந்தது. இனிமேல் நான் ஒரு நிறத்தைத் தப்பாகப் பார்த்தால் அது இதற்குள்தான் போய் விழும். எனக்குப் பாசிப்பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.

"அவங்க சரியாத்தான் பாத்தாங்க சார்," என்றேன். "அன்னிக்கு வந்தது சிவப்பு. அண்ணி சிவப்புன்னுதான் சொன்னாங்க. நூலும் எடுத்தாங்க. நான்தான் இல்லைன்னு சொல்லிப் பச்சைன்னு எழுதினேன். மருந்தும் தீரல."

"தெரியாம எழுதினியா?"

"தெரிஞ்சிதான்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நோட்டை என் கையிலிருந்து வாங்கி அண்ணியின் தலைமாட்டில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் யார் என்று யோசிக்கிற பார்வை. ஏன் அப்படிச் செய்தாய் என்று அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அண்ணி கண்ணைத் திறந்தாள். "இப்பத்தான் வாய் வந்துச்சா உனுக்கு?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினாறு நாள் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்துக் கட்டில்காரியிடம் கேட்பாள். நான் நீட்டினால் வாங்க மாட்டாள். வார்டில் கழுவும் இடத்தில் ஒரு மூலையில் விளக்கை வைத்துக்கொண்டு, முதுகில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, அவளே குழாயைக் காய்ச்சினாள். அவளே நூல் ஒட்டினாள். தேதி எழுத மட்டும் நர்சைக் கூப்பிட்டாள்.

பதினேழாம் நாள் வீட்டுக்கு அனுப்பத் தயாரானார்கள். புண்ணைத் தினமும் கழுவிப் பார்க்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நர்சு கேட்டாள். அம்மாவுக்குப் பார்த்தாலே மயக்கம் வரும். எல்லாரும் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"நானே பாத்துக்குவேன்," என்றாள் அண்ணி.

"படுத்துகினு உன் வயித்த நீயே எப்பிடிம்மா பாப்ப?"

"வூட்டுல ஒரு மொகம் பாக்கற கண்ணாடி இருக்குது. அவ பிடிக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் நடந்தது. தினமும் காலையில் அவள் பாயில் படுத்துத் துணியை நீக்குவாள். நான் அவள் காலடியில் மண்டியிட்டுக் கண்ணாடியைப் பிடிப்பேன். என்ன தெரிகிறது என்று நான் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் கேட்க மாட்டாள்.

"இன்னும் எறக்கு. சாச்சிப் பிடி. கையி ஆடுது பாரு."

அடியில் சதை சிவப்பாகப் புள்ளி புள்ளியாக வளர்ந்தது. அவள் ஒவ்வொரு நாளும் அதை எனக்கு முன்பே பார்த்துவிடுவாள். ஓரம் வெளுத்திருந்தால் சோற்றில் இன்னும் ஒரு பிடி குறைப்பாள். இரண்டரை மாதம் ஆனது. என் ஆசிரியர் பயிற்சிக்கு வரச்சொல்லி வந்த கடிதத்தைக்கூட அன்று காலை கண்ணாடியைக் கீழே வைத்த பிறகுதான் பிரித்தேன். அவள் என்ன என்று கேட்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

நான் பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின காலை புண் நகக்கண் அளவுக்கு வந்திருந்தது. அவள் வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை வலித்தது. எடுக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"நாளைலேந்து யாரு பிடிப்பாங்க?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போறேன்."

"அவருக்கு நேரா பிடிக்கத் தெரியாது," என்று சொல்லிவிட்டு அவள் துணியைப் போட்டு மூடிக்கொண்டாள்.